கேபிள் அறுந்தாலும் விளக்கு எரிய வேண்டும்: அந்தமான் தீவுகள் உணர்த்தும் ஸ்மார்ட் ஹோம் வடிவமைப்புப் பாடங்கள்

ஸ்ரீ விஜயபுரம்: வீட்டின் விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனம், தண்ணீர் மோட்டார், கதவுப் பூட்டு ஆகியவற்றைக் கைபேசி வழியாகவோ குரல் கட்டளையாலோ இயக்கும் ‘ஸ்மார்ட் ஹோம்’ சாதனங்கள் இன்று இணைய வணிகத்தின் மூலம் நாட்டின் எந்த மூலைக்கும் கிடைக்கின்றன. ஆனால், இவற்றை இயக்குவதற்கான செயலிகளும் திரைகளும் பெரும்பாலும் தடையற்ற மின்சாரம், இடைவிடாத இணையம், ஆங்கிலம் அறிந்த இளம் பயனர் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்தே உருவாக்கப்படுகின்றன. இம்மூன்றும் எப்போதும் ஒருங்கே அமையாத இடம் அந்தமான் நிக்கோபார் தீவுகள். அங்கு ஒரு வீட்டுக்குப் பொருந்தும் வடிவமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை, தமிழகத்தின் சிற்றூர் வீடுகளுக்கும் பொருந்தும்.

ஸ்மார்ட் ஹோம் இயங்குவது எப்படி?

வீட்டுச் சாதனங்களைத் தொலைவிலிருந்து இயக்கும் முயற்சி புதியதன்று. ஸ்காட்லாந்தில் 1975ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட ‘எக்ஸ்10’ என்ற முறை, வீட்டின் மின்கம்பி வழியாகவே கட்டளைகளை அனுப்பி விளக்குகளை இயக்கியது. இன்றைய முறைகளில் வைஃபை, புளூடூத், ஜிக்பீ, த்ரெட் போன்ற கம்பியில்லாத் தொடர்புகள் பயன்படுகின்றன.

எந்த முறையாயினும் அதில் மூன்று அடுக்குகள் உள்ளன. முதலாவது, சாதனமும் அதனுள் இருக்கும் சென்சாரும். இரண்டாவது, கட்டளையைப் பெற்று முடிவெடுக்கும் மையம். இது வீட்டிலுள்ள ஒரு சிறு பெட்டியாகவும் இருக்கலாம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள சர்வராகவும் இருக்கலாம். மூன்றாவது, மனிதர் தொட்டு, பேசி, பார்த்துப் பயன்படுத்தும் பகுதி. இதுவே பயனர் இடைமுகம் எனப்படுகிறது.

இடைமுகம் என்றவுடன் செயலியின் நிறமும் படங்களும் மட்டுமே நினைவுக்கு வருவது இயல்பு. உண்மையில் சுவரில் உள்ள ஸ்விட்ச், கதவின் கைப்பிடி, பழுது ஏற்படும்போது ஒலிக்கும் பீப் ஒலி, மின்சாரம் திரும்பி வரும்போது விளக்கு என்ன செய்கிறது என்பது வரை அனைத்தும் இடைமுகத்தின் பகுதிகளே. அமெரிக்க அறிவியலாளர் டொனால்ட் நார்மன் 1988இல் வெளியிட்ட அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பு குறித்த நூல் இதைத்தான் வலியுறுத்தியது. ஒரு பொருளைப் பயன்படுத்தத் தெரியாமல் மக்கள் தடுமாறினால், பெரும்பாலும் குறை மக்களிடம் இல்லை, வடிவமைப்பில் உள்ளது என்பது அவரது அடிப்படைக் கருத்து.

தீவுகள் ஏன் கடினமான களம்?

அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பிரதேசத்தில் தீவுகள், சிறு திட்டுகள், பாறைகள் என 836 உள்ளன. மக்கள் வாழ்பவை 31 மட்டுமே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 3,80,581 பேர் வசித்தனர். தலைநகர் போர்ட் பிளேர், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் செய்யப்பட்டது.

நாட்டின் பிற பகுதிகளை இணைக்கும் தேசிய மின்தொகுப்பு இத்தீவுகளை எட்டவில்லை. கடல் இடைமறிப்பதால் ஒவ்வொரு தீவும் அல்லது தீவுக் கூட்டமும் தன் மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்ய வேண்டியுள்ளது. இதில் பெரும்பங்கு டீசல் ஜெனரேட்டர்களுடையது. அந்த டீசல் கப்பலில் வந்து சேர வேண்டும். வடக்கு அந்தமானில் உள்ள 5.25 மெகாவாட் கல்பாங் நீர்மின் நிலையம், தெற்கு அந்தமானில் என்எல்சி இந்தியா நிறுவனம் 8 மெகாவாட் மணி பேட்டரி சேமிப்புடன் அமைத்து, 2020இல் இயங்கத் தொடங்கிய 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஆகியவை டீசல் சுமையை ஓரளவு குறைத்துள்ளன.

இணையத்தின் நிலையும் அண்மைக்காலத்தில்தான் மாறியது. நெடுங்காலம் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்த தீவுகளுக்கு, சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழை கேபிள் பதிக்கப்பட்டது. 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட இத்திட்டத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைத்தார். ஸ்ரீ விஜயபுரத்துடன் சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய ஏழு இடங்கள் இதன்மூலம் இணைக்கப்பட்டன. சென்னைக்கும் தலைநகருக்கும் இடையே விநாடிக்கு 2 x 200 ஜிகாபிட் திறன் கொண்டது இந்தக் கேபிள்.

வேகம் கூடியது உண்மை. எனினும், கடலடியில் செல்லும் ஒரு கேபிளில் பழுது ஏற்பட்டால் அதைச் சரிசெய்யக் கப்பல் செல்ல வேண்டும். எனவே, இணையம் இருக்கும் நாளுக்கு மட்டுமன்றி, இல்லாத நாளுக்கும் சேர்த்தே வீட்டுச் சாதனங்களை வடிவமைக்க வேண்டியுள்ளது.

கட்டளை எங்கே போய்வருகிறது?

பல மலிவு விலைச் சாதனங்களில், படுக்கையறையில் இருந்தபடி கைபேசியில் ‘விளக்கு’ பொத்தானைத் தொட்டால், அந்தக் கட்டளை முதலில் இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கிறது. அங்கிருந்து திரும்பி வந்த பிறகே நான்கு அடி தொலைவிலுள்ள விளக்கு எரிகிறது. தீவில் இருப்பவருக்கு இது கடலைக் கடந்து சென்று திரும்பும் பயணம்.

இம்முறையின் பலவீனம் பெருநகரங்களிலும் வெளிப்பட்டுள்ளது. 2021 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அமேசான் நிறுவனத்தின் கிளவுட் சேவையில் ஏற்பட்ட கோளாறால், அலெக்சா குரல் உதவியாளர், ரிங் கேமராக்கள், ரோபோ துடைப்பான்கள் உள்ளிட்ட பல வீட்டுச் சாதனங்கள் மணிக்கணக்கில் முடங்கின. சாதனங்களிலோ வீட்டு மின்சாரத்திலோ எந்தப் பழுதும் இல்லை. எங்கோ இருந்த கணினிகள் பதில் சொல்லாததே காரணம்.

இதற்கான தீர்வு, முடிவெடுக்கும் மையத்தை வீட்டுக்குள்ளேயே வைப்பது. 2022 அக்டோபரில் வெளியான ‘மேட்டர்’ என்ற பொதுத் தரநிலை இந்த அடிப்படையில் அமைந்தது. அமேசான், ஆப்பிள், கூகுள், சாம்சங் உள்ளிட்ட நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய இத்தரநிலையில், சாதனங்கள் வீட்டின் உள் வலையமைப்பிலேயே கட்டளைகளைப் பெறுகின்றன. ஒரு நிறுவனத்தின் விளக்கை வேறொரு நிறுவனத்தின் செயலியால் இயக்கவும் முடிகிறது. 2013 முதல் வளர்ந்து வரும் ‘ஹோம் அசிஸ்டன்ட்’ என்ற திறந்த மூல மென்பொருளும் வீட்டிலுள்ள சிறு கணினியிலேயே இயங்கக்கூடியது.

இணையம் துண்டிக்கப்பட்டிருக்கும்போது செயலி என்ன காட்டுகிறது என்பதும் முக்கியம். ‘பிழை ஏற்பட்டது, மீண்டும் முயலவும்’ என்ற பொதுவான செய்தி பயனருக்கு எதையும் உணர்த்தாது. ‘வெளி இணையம் இல்லை; வீட்டுக்குள் விளக்கும் விசிறியும் வழக்கம்போல் இயங்கும்; வெளியூரிலிருந்து இயக்க முடியாது’ என்று செயலி சொன்னால், பயனர் ரவுட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்கமாட்டார்.

சுவர் ஸ்விட்ச் ஏன் நீங்கக் கூடாது?

வீடு என்பது ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கருவியன்று. கைபேசி வைத்திருப்பவர், வைத்திராதவர், முதியவர், குழந்தை, இரவு தங்க வந்த உறவினர் என அனைவரும் இருளில் விளக்கைப் போட வேண்டியிருக்கும். செயலி உள்ளவரின் கையில் மட்டும் கட்டுப்பாடு குவிந்தால், மற்றவர்கள் தம் வீட்டிலேயே அனுமதி கேட்டு நிற்கும் நிலை உருவாகிறது. வீட்டின் ஒரே நிர்வாகக் கணக்கு வெளியூரில் பணிபுரியும் மகனின் கைபேசியில் இருந்தால், உள்ளே இருக்கும் பெற்றோரால் ஒரு நேர அட்டவணையைக்கூட மாற்ற இயலாது.

இதனால், ஸ்மார்ட் கட்டுப்பாடு என்பது சுவர் ஸ்விட்சுக்குக் கூடுதலாக அமைய வேண்டுமே தவிர, அதற்கு மாற்றாக அமையக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வடிவமைப்பு நெறி. ஸ்விட்ச் போர்டின் பின்புறம் பொருத்தப்படும் சிறிய ரிலே தொகுதிகள் இதற்கு உதவுகின்றன. பழைய ஸ்விட்சுகள் அப்படியே இருக்கும், செயலியும் இயங்கும். எனினும், பல பழைய வீடுகளில் ஸ்விட்ச் போர்டு வரை நியூட்ரல் கம்பி வந்திருக்காது. பெரும்பாலான தொகுதிகளுக்கு அது தேவை என்பதால், வாங்கும் முன் மின்பணியாளரிடம் உறுதி செய்துகொள்வது நல்லது.

ஸ்விட்ச் போர்டிலும் ஒரு பழைய சிக்கல் உண்டு. ஒரே வரிசையில் ஆறேழு ஸ்விட்சுகள் இருந்தால், எது எந்த விளக்குக்கு உரியது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது வீடுதோறும் நிகழ்வது. கட்டுப்பாட்டின் இட அமைப்பு, கட்டுப்படுத்தப்படும் பொருளின் இட அமைப்பைப் பிரதிபலிக்க வேண்டும் என்று நார்மன் குறிப்பிட்டது இதைத்தான். செயலிகளிலும் இதே தவறு தொடர்கிறது. ‘சாதனம் 1, சாதனம் 2’ என்ற பட்டியலைவிட, ‘சமையலறை, திண்ணை, மாடிப்படி’ என்று வீட்டின் அமைப்பையொட்டிய பிரிவுகள் எளிதில் புரியும்.

நிலையைச் சொல்லும் திரை

டென்மார்க்கைச் சேர்ந்த பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1994இல் செம்மைப்படுத்திய பத்து இடைமுக நெறிகளில் முதலாவது, கருவி தற்போது எந்த நிலையில் உள்ளது என்பதைப் பயனருக்கு எப்போதும் தெரிவிப்பது. ஒரு பொத்தானைத் தொட்டபின் 0.1 விநாடிக்குள் எதிர்வினை கிடைத்தால் அது உடனடியானதாக உணரப்படும். 1 விநாடி வரை சிந்தனை ஓட்டம் தடைபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் சிதறும் என்றும் அவர் வகுத்துள்ளார்.

தொடர்பு மெதுவாக உள்ள இடத்தில் இந்நெறி நடைமுறைத் தேவையாகிறது. மோட்டாரை இயக்கத் தொட்டவுடன் திரை ‘இயங்குகிறது’ என்று காட்டிவிட்டு, உண்மையில் கட்டளை சென்று சேராமல் இருந்தால் தொட்டி காலியாகவே கிடக்கும். எதிர்வினை வராததால் பயனர் மூன்று முறை தொட்டு, மூன்று கட்டளைகளும் தாமதமாகச் சென்று சேர்ந்தால் மோட்டார் இயங்கி, நின்று, மீண்டும் இயங்கும். எனவே நல்ல இடைமுகம், ‘இயங்குகிறது’, ‘நின்றுள்ளது’ ஆகிய இரண்டுடன் நிற்காமல், ‘கட்டளை அனுப்பப்பட்டது, உறுதி வரவில்லை’, ‘சாதனத்துடன் தொடர்பு இல்லை’ ஆகிய நிலைகளையும் தனித்தனியே காட்டும்.

மின்தடைக்குப் பின் என்ன நிகழ்கிறது என்பதும் இதனுடன் தொடர்புடையது. சில ஸ்மார்ட் பல்புகள், மின்சாரம் திரும்பியவுடன் முழு வெளிச்சத்தில் எரியும்படி அமைக்கப்பட்டிருக்கும். நள்ளிரவில் மின்சாரம் வந்தால் வீடு முழுவதும் ஒளி வெள்ளம் பாய்ந்து உறக்கம் கலையும். ‘முன்பிருந்த நிலைக்குத் திரும்புக’ என்ற அமைப்பு இருந்தாலும், அது பல செயலிகளில் நான்கைந்து பக்கங்களுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. அடிக்கடி மின்தடை ஏற்படும் பகுதிகளில் இது சாதனத்தை இணைக்கும்போதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

மின்சாரம் திரும்பும் கணத்தில் எல்லா வீடுகளின் குளிர்சாதனங்களும் மோட்டார்களும் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்கினால் சிறிய மின்தொகுப்பின் மீது திடீர்ச் சுமை ஏறும். ஒவ்வொரு சாதனமும் சில நிமிட இடைவெளி விட்டுத் தொடங்குவது இதற்குத் தீர்வு. அந்தக் காத்திருப்பைத் திரை தெளிவாகச் சொன்னால், சாதனம் பழுதாகிவிட்டது என்று பயனர் கருதமாட்டார்.

கடிகாரம் போதுமா, கதிரவன் வேண்டுமா?

தானியக்கம் என்றால் பலரும் முதலில் அமைப்பது நேர அட்டவணை. ‘மாலை 6 மணிக்கு வாசல் விளக்கு எரிய வேண்டும்’ என்பது எடுத்துக்காட்டு. அந்தமானில் இது பொருந்தாது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. ஸ்ரீ விஜயபுரமோ ஏறக்குறைய 92.7 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், அங்கு சூரியனின் நேரம் கடிகாரத்தைவிடச் சுமார் 40 நிமிடம் முந்துகிறது. டிசம்பர் பிற்பகுதியில் சென்னையில் மாலை சுமார் 5.45 மணிக்குச் சூரியன் மறையும்போது, ஸ்ரீ விஜயபுரத்தில் சுமார் 5 மணிக்கே மறைந்துவிடுகிறது. 6 மணிக்கு விளக்கு எரியும்போது இருள் சூழ்ந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

‘சூரியன் மறைந்தவுடன்’ என்ற நிபந்தனையைத் தரும் செயலிகள் இருப்பிடத்தை வைத்து அந்த நேரத்தை நாள்தோறும் கணக்கிடுகின்றன. இருப்பிடம் தவறாகச் சென்னை என்றோ டெல்லி என்றோ பதிவாகியிருந்தால் கணக்கும் தவறும். ‘இன்று உங்கள் ஊரில் சூரியன் மறையும் நேரம் 5.02’ என்று திரையில் ஒரு வரி இருந்தால், பிழையைப் பயனரே கண்டுபிடித்துவிடுவார்.

தண்ணீருக்கும் இதே நெறி பொருந்தும். ஸ்ரீ விஜயபுரத்தின் குடிநீருக்கு முதன்மை ஆதாரம் தனிகாரி அணை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவாக இருந்தும், மழை குறைந்த மாதங்களில் அங்கு தண்ணீர் பங்கீட்டு முறையில் வழங்கப்படுவதுண்டு. ‘காலை 6 மணிக்கு மோட்டாரை இயக்கு’ என்ற அட்டவணை, தண்ணீர் வராத நாளில் மோட்டாரை வறண்ட நிலையில் ஓடவிட்டுக் கெடுத்துவிடும். ‘கீழ்த்தொட்டியில் தண்ணீர் வந்தால், மேல்தொட்டி நிரம்பும்வரை’ என்ற நிபந்தனையே பொருத்தமானது.

இத்தகைய விதிகளைப் பயனரே எழுதும்போது அவை அன்றாடப் பேச்சைப் போன்ற வாக்கியங்களாக அமைவது உதவும். ஒரு விதி இயங்கியபின் ‘மேல்தொட்டி நிரம்பியதால் மோட்டார் நின்றது’ என்று காரணத்துடன் தெரிவிப்பதும் அவசியம். காரணம் தெரியாத தானியக்கத்தை மக்கள் நம்புவதில்லை. சில நாள்களில் அணைத்துவிடுகிறார்கள்.

முன்னமைப்பின் வலிமை

பெரும்பாலான பயனர்கள், நிறுவனம் அமைத்துத் தந்த நிலையை மாற்றுவதே இல்லை. இதை உணர்ந்து எடுக்கப்பட்ட ஓர் அரசு முடிவு இந்தியாவில் உள்ளது. 2020 ஜனவரி 1 முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையை முன்னமைப்பாகக் கொண்டிருக்க வேண்டும் என்று எரிசக்தி திறன் பணியகத்தின் பரிந்துரைப்படி கட்டாயமாக்கப்பட்டது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது பணியகத்தின் கணக்கு. பயனர் விரும்பினால் குறைத்துக்கொள்ளலாம். தடை ஏதும் இல்லை.

டீசலில் மின்சாரம் தயாரிக்கும் தீவில் இந்த ஒரு டிகிரிக்கு மதிப்பு அதிகம். கூடவே, பழைய மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்க, பிஎல்டிசி வகை விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. எந்தச் சாதனம் எவ்வளவு எடுக்கிறது என்பதை ‘வாட்’ கணக்கில் மட்டும் காட்டாமல் ரூபாய்க் கணக்கிலும் காட்டும் திரையே பயனரின் பழக்கத்தை மாற்ற வல்லது.

மின்சார நுகர்வோர் உரிமை விதிகளில் 2023இல் செய்யப்பட்ட திருத்தம், சூரிய ஒளி கிடைக்கும் பகல் நேரத்தில் குறைந்த கட்டணம், உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம் என்ற முறைக்கு வழிவகுக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட வீடுகளில் இது நடைமுறைக்கு வரும்போது, ‘இப்போது துணி துவைக்கலாமா, இரவு துவைக்கலாமா’ என்ற கேள்விக்குத் திரை ஒரே பார்வையில் விடை தர வேண்டியிருக்கும்.

எந்த மொழியில் கட்டளை?

2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் வங்காளம் பேசுவோர் சுமார் 28 சதவீதம், இந்தி 19 சதவீதம், தமிழ் 15 சதவீதம், தெலுங்கு 13 சதவீதம். நிக்கோபாரியும் மலையாளமும் பேசுவோர் தலா 7 சதவீதத்துக்கு மேல். ஒரு தெருவிலேயே நான்கு மொழிகள் ஒலிக்கும் ஊரில், ஆங்கிலத்தில் மட்டும் இயங்கும் செயலி பலரை வெளியே நிறுத்திவிடுகிறது.

தமிழில் தருவது என்றாலும், சொற்களை வரிசையாக மொழிமாற்றினால் போதாது. ஆங்கிலத்தில் ‘ஓபன்’ என்ற ஒரே சொல், கதவு திறந்திருக்கிறது என்ற நிலையையும், கதவைத் திற என்ற கட்டளையையும் குறிக்கும். எந்த இடத்தில் வருகிறது என்று தெரியாமல் மொழிபெயர்த்தால், திறந்திருக்கும் கதவின் கீழே ‘திற’ என்று எழுதப்பட்டுவிடும். தமிழிலோ ‘திறந்துள்ளது’, ‘திற’ என இரண்டுக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. சரியாகப் பயன்படுத்தினால் தமிழ் இடைமுகம் ஆங்கிலத்தைவிடத் தெளிவாக இருக்க முடியும். அதேவேளை, தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கில அளவுக்கு வரையப்பட்ட பொத்தானில் ‘அணைக்கவும்’ என்பது பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும்.

குரல் கட்டளையில் சிக்கல் வேறுவகை. வீட்டில் யாரும் ‘மின்விசிறியை இயக்குக’ என்று சொல்வதில்லை. ‘ஃபேனைப் போடு’, ‘லைட்டை நிறுத்து’ என்பதே வழக்கு. அலெக்சா 2019இல் இந்தியில் பேசத் தொடங்கியது. இந்திய மொழிகளுக்கான கணினிக் கருவிகளை வளர்க்க மத்திய அரசு ‘பாஷினி’ திட்டத்தை 2022இல் தொடங்கியது. இவற்றின் பயன் வீட்டுக்குள் வர வேண்டுமானால், ஆங்கிலச் சொல் கலந்த வட்டாரப் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன் தேவை.

விரலும் கண்ணும்

முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் கருத்தில் கொண்டு உருவாக்கப்பட்ட அளவுகோல்கள் ஏற்கெனவே உள்ளன. தொடும் பொத்தான் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 48 அலகு இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான கூகுளின் வழிகாட்டுதலும், 44 அலகு என்று ஆப்பிளின் வழிகாட்டுதலும் பரிந்துரைக்கின்றன. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிவேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது உலகளாவிய இணைய அணுகல் நெறி. சிவப்பு, பச்சை ஆகிய நிறங்களால் மட்டும் நிலையைக் காட்டினால் நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது புரியாது. சொல்லோ குறியோ உடன் இருக்க வேண்டும்.

ஈரக் கையால் தொட்டால் பல தொடுதிரைகள் சரிவர இயங்குவதில்லை. உப்புக்காற்றும் ஈரப்பதமும் மின்னணு இணைப்புகளை அரிக்கும். மழையும் கடற்காற்றும் மிகுந்த தீவு வீட்டின் வாசலில், கண்ணாடித் திரையைவிட அழுத்தினால் ‘டிக்’ என்று உணர்த்தும் ரப்பர் உறையிட்ட பொத்தான் நீடித்து உழைக்கும்.

பூட்டும் கேமராவும்

நாட்டின் மிகக் கடுமையான நிலநடுக்க அபாயப் பகுதிகளுள் அந்தமான் நிக்கோபார் ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட சுனாமியின் வடு இன்னும் தீவுகளில் உள்ளது. நிலம் அதிரும்போது மின்சாரமும் இணையமும் நின்றுவிடலாம். அப்போது மின்னணுப் பூட்டுள்ள கதவை உள்ளிருப்பவர் கைப்பிடியைத் திருப்பியவுடன் திறக்க முடிய வேண்டும். கடவுச்சொல், செயலி, விரல்ரேகை எதுவும் இடையில் நிற்கக் கூடாது. வெளியிலிருந்து திறக்க வழக்கமான சாவித் துளையும் இருப்பது பாதுகாப்பு.

கேமராக்களில் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றிய ‘மிராய்’ என்ற தீநிரல், 2016 அக்டோபர் 21 அன்று பல முன்னணி இணையதளங்களை முடக்கியது. பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொற்களுடன் இத்தகைய சாதனங்களை விற்கத் தடை விதித்துள்ளது. முதல் இணைப்பின்போதே புதிய கடவுச்சொல்லைக் கேட்கும் இடைமுகம் இந்த அபாயத்தின் பெரும்பகுதியை நீக்கிவிடும்.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. தரவுகளைப் பெற ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தர வேண்டும் என்கிறது அச்சட்டம். கேமரா எந்த நேரத்தில் பதிவு செய்கிறது, பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, வீட்டில் யாரெல்லாம் பார்க்க முடியும் என்பவை தமிழில் தெரிவிக்கப்பட வேண்டியவை. கேமரா இயங்குவதை அதன் கண்ணருகே ஒரு விளக்கு காட்டுவது, செயலி இல்லாத குடும்ப உறுப்பினருக்கும் விருந்தினருக்கும் கிடைக்கும் ஒரே அறிவிப்பு.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

சாதனத்தின் ஆயுள் அதன் நிறுவனத்தின் முடிவைச் சார்ந்தும் இருக்கலாம். ‘ரிவால்வ்’ என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மையத்தின் சேவை 2016 மே 15 அன்று நிறுத்தப்பட்டபோது, நன்றாக இருந்த பெட்டிகள் பயனற்றுப் போயின. மாற்றுப் பொருள் கடல் தாண்டி வர வேண்டிய இடத்தில் இது கூடுதல் இழப்பு. எனவே, நுகர்வோர் வாங்கும் முன் சில கேள்விகளைக் கேட்பது பயன் தரும்:

• இணையம் இல்லாதபோது சாதனம் வீட்டுக்குள் இயங்குமா?
• சுவர் ஸ்விட்ச் தொடர்ந்து வேலை செய்யுமா?
• மின்தடைக்குப் பின் எந்த நிலைக்குத் திரும்பும், அதை மாற்ற முடியுமா?
• வீட்டிலுள்ள ஒன்றுக்கு மேற்பட்டோர் சம உரிமையுடன் பயன்படுத்த இயலுமா?
• செயலி தமிழில் உள்ளதா, எழுத்தின் அளவைப் பெரிதாக்க முடிகிறதா?
• மேட்டர் போன்ற பொதுத் தரநிலையை ஏற்கிறதா?
• பூட்டாக இருந்தால், உள்ளிருந்து கையால் திறக்க வழி உள்ளதா?

கடையிலேயே இவற்றுள் சிலவற்றைச் சோதிக்கலாம். செயல்விளக்கத்தின்போது இணைய இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம். வீட்டின் மூத்தவரிடம் கைபேசியைக் கொடுத்து, யாரும் சொல்லித்தராமல் விசிறியை நிறுத்த முடிகிறதா என்று கவனிக்கலாம். இவ்விரண்டிலும் தேறும் சாதனம், மின்சாரமும் இணையமும் ஒருசேர நின்றுபோகும் மழைக்காலத்து இரவிலும் வீட்டில் உள்ளோரைக் கைவிடாது.